ராணுவப் பணிப் பதிவேடுகளைத் திருத்துதல்

இந்தியத் தரைப்படையில் சேரும் ஒருவரின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சொந்த ஊர், மனைவி மக்கள் விவரம், பெற்ற பயிற்சி, பங்கேற்ற போர், பதக்கம், தண்டனை ஆகிய அனைத்தும் அவருடைய பணிப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது அவர் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும்தான். மூலப் பதிவேடு அவருடைய ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்தில் இருந்துவிடும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ளது. மதராஸ் சாப்பர்ஸ் என்று நம் பக்கத்தில் அழைக்கப்படும் பொறியாளர் படைப்பிரிவுக்குப் பெங்களூரில் உள்ளது.

அந்தப் பதிவேட்டில் ஒரு பிழை இருந்தால் யார் திருத்துவது, எத்தனை ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும், நடந்தது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருந்தால் எது செல்லும் என்ற கேள்விகள் ஓய்வு பெற்ற சிப்பாய்களின் வீடுகளில் காலங்காலமாக இருந்துவருபவை. 2010க்கும் 2012க்கும் இடையில் இரண்டு பெரிய வழக்குகளின் வழியாக இவை நாடு முழுவதும் பேசப்பட்டன. ஒன்று கார்கில் போரில் பிரிகேடு ஒன்றை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கு. மற்றொன்று தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் வி.கே.சிங்கின் வழக்கு.

படாலிக்

கார்கில் போர் 1999 மே மாதம் தொடங்கி ஜூலையில் முடிந்தது. அதில் படாலிக் பகுதியின் பெயர் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் பணியாற்றியவர், மே மாத இறுதியில் அங்கேதான் வீழ்ந்தார். அவருடைய உடலை மீட்க ஜூலை முதல் வாரம்வரை முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக அது மலை மேலேயே கிடந்தது. மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே பகுதியில் காலுபார் முகட்டைக் கைப்பற்றும் சண்டையில் உயிர்நீத்த கேப்டன் மனோஜ்குமார் பாண்டேக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

இந்தப் படாலிக் பகுதியில் போரிட்ட 70ஆவது காலாட்படை பிரிகேடின் தளபதி தேவிந்தர் சிங். மலை மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பகைவரின் எண்ணிக்கை குறித்து அவர் தந்த மதிப்பீட்டை, ஸ்ரீநகரில் இருந்த 15ஆவது கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் கிஷன் பால் ஏற்கவில்லை. மதிப்பீடு மிகையானது என்று தள்ளப்பட்டது. போர் முடிந்து அறிக்கை எழுதும்போது, படாலிக்கில் கிடைத்த வெற்றியின் பெரும்பங்கு வேறோர் அதிகாரியின் பெயரில் சேர்க்கப்பட்டது. தேவிந்தர் சிங்கின் ஆண்டு ரகசிய அறிக்கையிலும் குறைத்து எழுதப்பட்டது. ரகசிய அறிக்கையை வைத்தே பதவி உயர்வு தீர்மானிக்கப்படுவதால், அவர் மேஜர் ஜெனரல் ஆகவில்லை. அவருக்குக் கிடைத்த விசிஷ்ட சேவா பதக்கமும் போர்க்கள வீரத்துக்கான பதக்கம் அன்று.

ராணுவத்தில் ஒருவர் தமக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதினால் முதலில் மேலதிகாரிகளிடமே முறையிட வேண்டும். அதிகாரிகளுக்கு 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 27ஆவது பிரிவும் மற்றவர்களுக்கு 26ஆவது பிரிவும் இதற்கு வழி செய்கின்றன. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நெடுங்காலம் உயர் நீதிமன்றம்தான் கதி. 2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் இயற்றப்பட்டு, 2009 ஆகஸ்டில் டெல்லியில் முதன்மை அமர்வு செயல்படத் தொடங்கியது. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. நீதிபதி ஒருவரும் ஓய்வு பெற்ற படை உயரதிகாரி ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். ராணுவத்தின் கோப்புகளை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கையில் இருப்பது முறையிடுபவருக்கு எத்தனை உதவி என்பதை இந்த வழக்கு காட்டியது.

2010 மே மாதம், நீதிபதி ஏ.கே.மாத்தூர் தலைமையிலான முதன்மை அமர்வு தீர்ப்பளித்தது. கோர் தளபதி பிரிகேடியரிடம் பாரபட்சத்துடன் நடந்துகொண்டார் என்று அது கண்டது. ரகசிய அறிக்கையில் அவர் எழுதிய பகுதி நீக்கப்பட வேண்டும், தேவிந்தர் சிங்கை மேஜர் ஜெனரலாகக் கருத்தளவில் உயர்த்துவது குறித்துப் பரிசீலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. படாலிக் போர் பற்றிய அதிகாரபூர்வ விவரிப்பும் திருத்தப்பட வேண்டும் என்றது. அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கருத்தளவில் தரப்படும் பதவி என்றால் தாளில் மட்டுமே பதவி. படைப்பிரிவு எதையும் அவர் இனி நடத்தப்போவதில்லை. போர் முடிந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கேட்டதும் பெரும்பாலும் தாளில் உள்ளதைப் பற்றித்தான். தாம் நடத்திய போர் தம் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதே அது.

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தீர்ப்பில் வியப்பான பகுதி கடைசி ஆணைதான். போர் வரலாறு என்று நாம் பிற்காலத்தில் படிப்பது இத்தகைய அறிக்கைகளிலிருந்து எடுக்கப்படுவது. அறிக்கையை எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் இடையில் நிலவிய மனக்கசப்பு நூலில் தெரியாது. ஒரு நீதிமன்ற அமைப்பு அதைத் தோண்டி எடுத்து, வரலாற்றைத் திருத்தி எழுதுமாறு சொன்னது அரிதான நிகழ்வு.

பள்ளிக்கூடத்தில் தொடங்கும் பிழை

அந்தத் தீர்ப்பு வந்தபோது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் வி.கே.சிங். 2010 மார்ச் 31 அன்று பொறுப்பேற்றவர். படையின் பதிவேடுகள் அனைத்துக்கும் மேல் அமர்ந்திருந்த அவருடைய சொந்தப் பதிவேட்டிலேயே ஒரு முரண் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் பிறந்த நாள் என்பது எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாக இருப்பார்கள். பள்ளி திறப்பது ஜூனில். அன்றைக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று தலைமையாசிரியர் சேர்த்துக்கொள்வார். தாயைக் கேட்டால், பெரிய புயல் அடித்த வருஷம், ஐப்பசி, அமாவாசைக்கு முந்தின நாள் என்பது போல ஒரு பதில் வரும். அதை ஆங்கிலத் தேதியாக மாற்ற யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்குமான சட்டமே 1969இல்தான் வந்தது. பள்ளிப் பதிவேட்டில் விழுந்த தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போகும். அங்கிருந்து ஆள்சேர்ப்பு முகாமுக்கும், முகாமிலிருந்து பணிப் பதிவேட்டுக்கும் போகும். ஆசிரியர் அரை நிமிடத்தில் எழுதிய எண் ஒருவரை அறுபது வயதுவரை தொடர்ந்து வரும். நானும் அப்படிச் சில தேதிகளை எழுதியிருக்கிறேன்.

மற்ற வேலைகளைவிட ராணுவத்தில் ஓராண்டின் மதிப்பு அதிகம். ஒரு சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டுப் பணி தேவை. பெரும்பாலோர் நாற்பதை ஒட்டியே வீடு திரும்பிவிடுகிறார்கள். அதிகாரிகளுக்கோ ஒவ்வொரு பதவிக்கும் ஒரு வயது வரம்பு உண்டு. ஓராண்டு முன்னே பின்னே ஆனால் ஒருவர் தளபதியாவதும் ஆகாமல் போவதும் அதில் அடங்கியிருக்கும்.

ஆகவே பிறந்த நாளைத் திருத்தக் கேட்பதற்கு அரசுகள் காலக்கெடு வைத்தன. தமிழ்நாடு அரசு ஊழியர் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கும் ஐந்து ஆண்டுகள்தான். ராணுவ அதிகாரிகளுக்கு இரண்டே ஆண்டுகள். இந்தக் கெடுவை உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும் உறுதிசெய்துள்ளது. அவற்றில் முக்கியமான ஒன்று தமிழ்நாடு உள்துறையிலிருந்து போன 1993ஆம் ஆண்டின் கிருபாகரன் வழக்கு. ஓய்வு பெறும் தறுவாயில் ஒருவருடைய வயதைக் குறைத்தால், அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொருவரையும் அது வரிசையாகப் பாதிக்கும் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து எல்லையில் நிற்கும் பையன் தன் பதிவேட்டை எப்போது பார்க்கிறான் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

1950ஆ, 1951ஆ

வி.கே.சிங் ராஜஸ்தானின் பிலானியில் படித்தவர். 1965இல் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் பிறந்த நாள் 1950 மே 10 என்று எழுதப்பட்டது. படிவத்தை நிரப்பியவர் பள்ளியில் இருந்த ஒருவர் என்பதும், அது தவறு என்பதும் அவர் தரப்பு. ராஜஸ்தான் கல்வி வாரியம் தந்த மெட்ரிகுலேஷன் சான்றிதழில் 1951 மே 10 என்று இருந்தது. 1970 ஜூனில் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார்.

அதிகாரிகளின் பதிவேடு தரைப்படைத் தலைமையகத்தில் இரண்டு கிளைகளில் இருக்கிறது. அட்ஜுடன்ட் ஜெனரல் கிளை பதிவேடுகளின் காப்பாளர். பதவி உயர்வையும் நியமனத்தையும் கவனிப்பது ராணுவச் செயலர் கிளை. முதல் கிளையில் சான்றிதழைப் பார்த்து 1951 என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் படிவத்தைப் பார்த்து 1950 என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நகரத்தில் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன. 2006 வாக்கில் அவர் கோர் தளபதி நிலைக்கு உயரும் கட்டத்தில்தான் முரண் பெரிதாக எழுப்பப்பட்டது. 2008இலும் 2009இலும் பதவி உயர்வையொட்டி அவரிடமிருந்து எழுத்துமூலம் 1950ஐ ஏற்றுக்கொள்ளும் கடிதங்கள் பெறப்பட்டன. பின்னர் எல்லாம் அந்தக் கடிதங்களைச் சுற்றியே நின்றது.

தலைமைத் தளபதியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் அல்லது 62 வயது, எது முன்னதோ அது. 1950 என்றால் 2012 மே மாத இறுதியில் ஓய்வு. 1951 என்றால் 2013 மார்ச் இறுதிவரை பதவியில் இருக்கலாம். பத்து மாதங்கள் வேறுபாடு. அடுத்த தலைமைத் தளபதி யார் என்பதையும் அது மாற்றக்கூடியதாக இருந்ததால் டெல்லியில் கட்சி கட்டிப் பேசினார்கள். பதவி எனக்குப் பொருட்டில்லை, என் நேர்மையே கேள்விக்குள்ளாகிறது என்பதே அவர் நிலைப்பாடு.

2011 ஜூலை 21 அன்று பாதுகாப்பு அமைச்சகம், பிறந்த ஆண்டு 1950தான் என்றும் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளை தன் பதிவேட்டை அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்றும் ஆணையிட்டது. அவர் சட்டப்படியான முறையீட்டைக் கொடுத்தார். அது டிசம்பர் 30 அன்று நிராகரிக்கப்பட்டது. 2012 ஜனவரி 16 அன்று அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பதவியிலிருக்கும் தலைமைத் தளபதி ஒருவர் தம் அரசை எதிர்த்து வழக்காடியது சுதந்திர இந்தியாவில் அதுவே முதல்முறை.

பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, எச்.எல்.கோகலே ஆகியோர் முன் வழக்கு வந்தது. டிசம்பர் 30 ஆணையை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜூலை ஆணை நின்றது. இந்த வழக்கு ஜெனரல் எந்த நாளில் பிறந்தார் என்பதைப் பற்றியதன்று, அரசு தன் பதிவேட்டில் எந்த நாளை ஏற்கிறது என்பதைப் பற்றியதே என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினார்கள். அவருடைய நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை என்றும் சொன்னார்கள். அவரே கொடுத்திருந்த கடிதங்கள் அவருக்கு எதிராக நின்றன. மனு திரும்பப் பெறப்பட்டது. 2012 மே 31 அன்று அவர் ஓய்வு பெற்றார். சான்றிதழ் 1951 என்று சொன்னபடியேதான் இருக்கிறது.

எரிந்தவையும் அழிக்கப்பட்டவையும்

மேற்கண்ட இருவருக்கும் ஒரு வசதி இருந்தது. திருத்தச் சொல்லிக் கேட்பதற்கு அவர்களுக்குப் பதிவேடு இருந்தது. பிரிட்டனில் முதல் உலகப் போரில் பணியாற்றிய சிப்பாய்களின் பதிவேடுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளால் எரிந்துபோயிற்று. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகம் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. நகல் கிடையாது. அந்நாட்டில் படைப் பதிவேடுகளைத் திருத்துவதற்கென்றே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் குடிமக்களைக் கொண்ட வாரியங்கள் உண்டு. மூன்று ஆண்டுக் காலக்கெடு இருந்தாலும் நியாயம் கருதி அதைத் தளர்த்தும் அதிகாரம் அவற்றுக்கு இருக்கிறது. இந்தியாவில் இப்படித் தனி வாரியம் இல்லை.

இங்கே தீ தேவைப்படுவதில்லை. ஓய்வூதியம் பெறாமல் விடுவிக்கப்பட்ட சிப்பாய்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அதன்பின் எஞ்சுவது நெடும்பட்டியல் எனப்படும் பேரேட்டில் உள்ள ஒரு வரி மட்டும். உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்ட ஒருவர் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு முப்பது ஆண்டு கழித்து மனுச் செய்தால், ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன என்ற பதிலே வரும். தீர்ப்பாயங்களின் முன் வரும் வழக்குகளில் இந்தப் பதிலை அடிக்கடி காணலாம். அந்த வரியில் இருக்கும் நான்கைந்து சொற்களை வைத்துத்தான் இரு தரப்பும் வாதிடும்.

இறந்தவர்களின் பெயர்களும் இப்படித் தொலைந்திருக்கின்றன. தாம்பரத்திலிருந்து அதிக தூரமில்லாத நந்தம்பாக்கத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பெயரும் கல்லில் திருத்தமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதே ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லிக்கூட நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. பெயர் எழுதிவைக்க வேண்டியவர்கள் அதை எழுதிவைக்கவில்லை.

மனைவியின் பெயர்

சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர், செங்கல்பட்டு வட்டாரத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கணிசமாக உண்டு. அவர்களிடையே நான் கண்ட திருத்தக் கோரிக்கைகளில் பிறந்த நாளைவிடப் பெயர்தான் அதிகம். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் உண்டு. ஆர்.முருகன் என்பவரைப் படையில் ராமசாமி முருகன் என்று விரித்து எழுதுவார்கள். ஆதாரில் முருகன் ராமசாமி என்று இருக்கும். வங்கிக் கணக்கில் வெறும் முருகன். மூவரும் ஒருவரே என்று கணினிக்குப் புரிய வைப்பது எளிதன்று. ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்னும் இணைய முறைக்கு மாறிய பின் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது.

மனைவி பெயர் இன்னும் சிக்கலானது. விடுமுறையில் வந்து திருமணம் முடித்துத் திரும்பிய சிப்பாய், மனைவி பெயரைச் சொல்ல, தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார். பூங்குழலியில் உள்ள ழகரம் எந்த எழுத்தாகவும் ஆகலாம். சிப்பாயும் சில சமயம் வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லிவிடுவார். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பெயரை யாரும் பார்ப்பதில்லை. அவர் இறந்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் அம்மாவிடம்தான், பதிவேட்டில் இருக்கும் பெண் நீங்கள் என்பதற்கு என்ன சான்று என்று கேட்கிறார்கள்.

கணவர் இருக்கும்போதே இதைச் சரிசெய்வது ஓரளவு எளிது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம், செய்தித்தாள் விளம்பரம், ஆதார் முதலிய சான்றுகள் ஆகியவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். அங்கே பார்ட் டூ ஆர்டர் எனப்படும் பகுதி இரண்டு ஆணை வெளியாகும். அதன் அடிப்படையில் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை ஓய்வூதிய ஆணைக்குத் திருத்தம் அனுப்பும். இறுதியாக மறுத்துவிட்டால், மறுப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். மனைவியின் பெயர் பதிவேட்டில் பாப்பா என்றிருந்தது. கடைசிக் காலத்தில் அவர் உடம்பு முடியாமல் கிடந்தபோதுதான் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். விண்ணப்பத்தை எழுதி, நடுங்கும் கையில் அவரிடம் கையெழுத்து வாங்கி, மாசி மாதம் அனுப்பினோம். ஒரு முறை கையெழுத்து பழையதோடு ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது. பெருவிரல் ரேகை வைத்து, மருத்துவரின் சான்றோடு மறுபடியும் அனுப்பினோம். திருத்த ஆணை ஆவணியில் வந்தது. அவர் ஐப்பசியில் இறந்தார். அந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தையிலிருந்து வருகிறது.